கடையம் பக்கத்தில் ஒரு வாடகை வீடு: இரண்டு சாரல் பார்த்த பிறகு

தென்காசி மாவட்டத்தில், கடையத்திலிருந்து மேற்கே மலையைப் பார்த்துச் செல்லும் சாலையோரச் சிற்றூர் ஒன்றில், நானும் என் அம்மாவும் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை மாதம் 4,500 ரூபாய். முன்பணம் 25,000 ரூபாய். போன ஆண்டு வைகாசியில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். இப்போது ஆடி நடக்கிறது. குக்கரைப் பற்றியும் மின்விசிறியைப் பற்றியும் வாங்கிய மறுநாளே மதிப்புரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டைப் பற்றி எழுதுவதற்கு இரண்டு சாரல் பருவத்தையாவது அதன் கூரைக்கடியில் கழித்திருக்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். இந்த மதிப்புரையில் வீட்டைப் போலவே அதைத் தேடி அலைந்த நான்கு மாதங்களுக்கும் பெரும் பங்கு உண்டு, ஏனென்றால் இங்கே ஒரு வீட்டில் குடியிருப்பதைவிட, குடியிருக்கலாம் என்ற சம்மதத்தைப் பெறுவதுதான் பெரிய வேலை.

எங்கள் தேவை எளியது. நான் சென்னையில் உள்ள ஒரு தணிக்கையாளர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை நேரில் போனால் போதும். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, பிறந்தது அம்பாசமுத்திரத்துப் பக்கம், பிறந்த வீடு எப்போதோ கைமாறிவிட்டது. சென்னையில் இரண்டு அறைக்கு 17,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். தென்காசியிலிருந்து இரவு ரயிலான பொதிகையில் ஏறினால் காலையில் எழும்பூரில் இறங்கிவிடலாம் என்பதால், தென்காசிக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒன்று போதும் என்று முடிவு செய்தோம். ஒரு கிணறு, இணைய இணைப்பு, அம்மா உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை ஆகிய மூன்றும் இருந்தால் சரி என்பது எங்கள் கணக்கு.

முதலில் செயலிகள். வாடகை வீடு தேடித் தரும் செயலிகள் மூன்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, தை மாதம் முழுவதும் அவற்றைத் துழாவினேன். ஊரின் பெயரைப் போட்டுத் தேடியதில் மூன்றிலுமாகச் சேர்த்து ஆறு முடிவுகள் வந்தன. நான்கு விற்பனைக்கான மனைகள். ஒன்று குற்றாலத்தில் நாள் வாடகைக்கு விடும் அறை. மீதி ஒன்றில் கொடுத்திருந்த எண்ணில் பேசியவர், தமக்கு அப்படி ஒரு வீடே இல்லை என்றும் தினமும் நாலு பேர் கூப்பிட்டு உயிரை வாங்குகிறார்கள் என்றும் சொன்னார். செயலியைக் குறை சொல்லி இதில் பயனில்லை. நகரத்தில் ‘வீடு வாடகைக்கு விடப்படும்’ என்று பலகை தொங்கவிடுகிறார்கள்; சிற்றூரில் பலகையைத் தொங்கவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றாகிவிடும், கேட்டு வந்தவரை முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வேண்டிய சங்கடமும் வந்துவிடும். அதனால் வீடு காலியாக இருக்கிறது என்ற செய்தியையே வெளியே விடுவதில்லை. தெருவுக்குப் பத்தில் இரண்டு வீடு பூட்டிக் கிடக்கும் ஊரில், ‘வீடு ஏதும் இல்லையே’ என்ற பதிலை நான் எத்தனை வாசலில் கேட்டேன் என்று சொல்ல முடியாது.

அடுத்தது தரகர். பக்கத்து நகரத்தில் இத்தொழில் செய்யும் ஒருவரைப் பிடித்தோம். வீடு காட்டவே தலைக்கு 300 ரூபாய், முடிந்தால் ஒரு மாத வாடகை என்பது அவர் பேச்சு. ஐந்து வீடுகள் காட்டினார். இரண்டில் ஏற்கெனவே ஆள் குடியிருந்தார்கள். அவர்கள் காலி செய்யப்போவது அவர்களுக்கே தெரியாது. ஒன்று நெல் அரவை ஆலையை ஒட்டியது. ஒரு வீடு எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மாடியில் குடியிருக்கும் உரிமையாளருக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு. துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குவதாகச் சொன்னார்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த நூறும் மேல்வீட்டுக்குப் போய்விட, கீழ்வீட்டுக்காரர் முதல் யூனிட்டிலிருந்தே காசு கொடுக்க வேண்டும். கிராமத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரையும் தரையையும் பார்ப்பதற்கு முன்னால் மீட்டர் பெட்டியைப் போய்ப் பார்க்கும்படி சொல்வேன். தரகருக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம், அதுவும் அவருடைய இரு சக்கர வாகனத்தில் அம்மாவைப் பத்திரமாக ஏற்றி இறக்கியதற்காக.

குற்றாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களை நாங்கள் ஒரே நாளில் கைவிட்டோம். சாரல் காலத்தில் நாள் வாடகைக்கு விட்டால் கிடைக்கிற பணத்தை மாத வாடகையில் பார்க்க முடியாது என்பதால், அங்கே மாத வாடகைக்கு வீடு கேட்பவரை விவரமில்லாதவர் என்றே பார்க்கிறார்கள். மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் வந்தபின் அந்தப் பக்கத்து ஊர்களில் கேட்பவர் கூடிவிட்டனர், ‘ஐடிக்காரங்களா?’ என்பதுதான் அங்கே எங்களை நோக்கி வந்த முதல் கேள்வி, இல்லை என்றதும் வாடகை குறையவில்லை என்பது வேறு விஷயம். ஆகவே தெற்கே நகர்ந்து கடையம் பக்கம் வந்தோம். பாரதியார் சிறையிலிருந்து வெளிவந்தபின் 1918-இன் இறுதியிலிருந்து 1920 வரை வாழ்ந்த ஊர் கடையம். செல்லம்மாள் பிறந்த ஊர் என்பதால் அவருக்கு அங்கே இடம் கிடைத்தது. பெண்வழி உறவு இருந்தால் ஊருக்குள் நுழைவது எளிது என்பது நூறு ஆண்டுகளாக மாறவில்லை என்பதைப் பின்னால் நானே அறிந்துகொண்டேன்.

இங்கே தேடும் வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடை அண்ணாச்சி. அவர் சொன்னபடி, வீடு பற்றிய செய்தி நான்கு பேரிடம் இருக்கும். மின் கணக்கு எடுக்க வருபவருக்கு எந்த வீட்டு மீட்டர் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிறது என்பது தெரியும். எரிவாயு உருளை கொண்டுவருபவருக்கு எந்த வீட்டார் பதிவு செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்பது தெரியும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியைத் திறந்து மூடுபவருக்கு எந்தக் குழாயடியில் குடம் வைக்க ஆளில்லை என்பது தெரியும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மீதி எல்லாம் தெரியும். இந்த நான்கு பேரில் ஒருவரும் தரகு கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் எங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் அம்பாசமுத்திரத்தில் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் இங்கே வந்து, அந்தக் கடை பெஞ்சில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு நான் தெருத் தெருவாக நடந்தேன். அம்மா உட்கார்ந்திருந்ததுதான் வேலை செய்தது. நான் நடந்தது வீண் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த முடிவுக்கு அவர்கள் வரும் விதத்தைப் பற்றி ஒளிக்காமல் எழுத வேண்டும், இல்லையென்றால் இந்த மதிப்புரையைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் தீங்கு செய்தவளாவேன். ‘சொந்த ஊர் எது?’ என்பது முதல் கேள்வி. அதற்கு விடை சொன்னதும், ‘அங்க எந்தத் தெரு?’ என்பது இரண்டாவது. கேட்பவர் தெருவை அறிய விரும்பவில்லை, சாதியை அறிய விரும்புகிறார் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். நேரடியாகக் கேட்டால் அநாகரிகம் என்ற எண்ணம் வந்திருக்கிறது. கேட்காமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை. முதல் இரண்டு இடங்களில் நான் பழக்கத்தில் விடை சொன்னேன். மூன்றாவது இடத்தில், ‘தெருப் பெயர் எதற்குங்க, வாடகைக்குத்தானே கேட்கிறோம்’ என்று சொன்னேன். அந்த வீட்டை அதே வாரம் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாக மறுநாள் செய்தி வந்தது, ஆனால் இன்றுவரை அது பூட்டித்தான் கிடக்கிறது. இதோடு, ஆண் துணை இல்லாத வீடு என்ற குறையும் எங்களுக்கு இருந்தது. ‘பொம்பளையா ரெண்டு பேரு மட்டுமா?’ என்று கேட்டவர்கள், தனியாக வரும் ஆண்களுக்கும் வீடு கொடுப்பதில்லை என்பதையும் விசாரித்து அறிந்தேன். கண்ணியமாகப் பேசி, மோர் கொடுத்து, வழியனுப்பி, வீடு மட்டும் இல்லை என்று சொல்லும் இந்தச் சேவைக்கு மதிப்பெண் தர என்னிடம் எண் இல்லை.

பங்குனியில் ஒரு வீடு அமைந்தது, அமைந்தது போலத் தோன்றியது. தார்சுக் கூரையும் மின்மோட்டாரும் உள்ள நல்ல வீடு. வாடகை 5,000 ரூபாய். சாவி வைத்திருந்தவர், வீட்டுக்குரிய அண்ணன் தம்பியரில் தம்பியின் மனைவி. அவரிடம் 10,000 ரூபாய் முன்பணமாகக் கொடுத்துத் துண்டுச்சீட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். மூன்றாம் நாள் மும்பையிலிருந்து அண்ணன் தொலைபேசியில் வந்தார். வீடு இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை, தம்மைக் கேட்காமல் குடிவைத்தால் சாமான்கள் தெருவுக்கு வரும் என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தம்பி பக்கமும் இருந்திருக்கலாம். எங்கள் பக்கம்தான் ஒன்றுமில்லை. கொடுத்த பணம் ஆறு வாரத்தில் மூன்று தவணையாக 9,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி ஆயிரத்தை ‘ஒட்டடை அடிக்க ஆள் விட்டோம்லா’ என்று கழித்துக்கொண்டார்கள். தென்மாவட்டங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் எத்தனையோ இப்படி மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருப்பவை. சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வாடகைக்கு விடும் உரிமை இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அதன்பிறகு நான் பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தாள்களைக் கேட்டேன்: ஊராட்சியின் வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை. இரண்டிலும் ஒரே பெயர் இருந்து, அந்தப் பெயருக்கு உரியவர் உயிரோடு இருந்து, அவரே கையெழுத்துப் போட்டால் மேலே பேசலாம். இந்த மூன்றும் கூடி வருவது நினைப்பதைவிட அரிது.

சித்திரை முடிவில், தேநீர்க் கடை அண்ணாச்சி அம்மாவிடம் ஒரு பெயரைச் சொல்லி, மேலத் தெருவில் போய்ப் பார்க்கச் சொன்னார். வளவுக்குள் நான்கு வீடுகள். அவற்றில் முதல் வீட்டில் இருந்த எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆச்சிதான் நான்குக்கும் உரிமையாளர். எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, வாடகையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அம்மாவின் பிறந்த ஊரை விசாரித்தார். ஊர்ப் பெயர் கேட்டதும் அங்கே தம் சிற்றப்பா மகளைக் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொல்லி, அந்த வீட்டுக் கிணற்றடியில் நின்ற நார்த்தை மரத்தைப் பற்றிக் கேட்டார். அம்மாவுக்கு அந்த மரம் நினைவிருந்தது. வாடகை எவ்வளவு என்று நானே கேட்டேன்.

“வாடகை கெடக்கட்டும் பிள்ள. சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல்ல வெளக்குப் போடுவியளா? பூட்டிக் கெடந்தா வீடு செத்துரும்லா” என்றார் ஆச்சி.

போடுவோம் என்று அம்மா சொன்னாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக் கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி, என்னிடம் தராமல் அம்மா கையில் வைத்தார். எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அந்த நார்த்தை மரத்திலேயே அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா, மரம் நினைவில்லாத வேறு இருவர் வந்திருந்தால் சாவி கழன்றிருக்குமா என்ற எண்ணம் எனக்கு இந்த வீட்டில் அவ்வப்போது வந்துபோகிறது.

ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு எழுதினோம். ஓராண்டுக்கு மேல் என்றால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் நாடெங்கும் நிலவும் வழக்கம் இது. முன்பணம் ஆறு மாத வாடகை அளவுக்குக் கேட்டார் ஆச்சி. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தில், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருப்பதை நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். ‘அந்தச் சட்டக்காரன் வந்து ஓடு மாத்தித் தருவானா?’ என்று கேட்டு, 27,000 ரூபாயை 25,000 ஆக்கினார். காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தர வேண்டும் அல்லது அதற்கு 3,000 ரூபாய் கழித்துக்கொள்ளப்படும் என்ற வரியை நானே எழுதச் சொன்னேன். எழுதாமல் விட்டால் பின்னால் அந்தத் தொகை ஒரு மாத வாடகையாக வளர்ந்துவிடும். ஆடியில் குடிபோகக் கூடாது, மார்கழியில் குடிபோகக் கூடாது என்பதால், இங்கே வீடு தேடுகிறவர்கள் வைகாசிக்கோ ஆவணிக்கோ தைக்கோ ஏற்றபடி நாளைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். சிலிண்டர் இணைப்பை மாற்றவும் வங்கியில் முகவரி மாற்றவும் இந்த ஒப்பந்தத் தாளும் வரி ரசீதின் நகலும்தான் பின்னர் கைகொடுத்தன.

இனி வீடு. தெருவிலிருந்து நுழைந்தால் திண்ணை, அடுத்துத் தார்சா என்னும் முன்கூடம், அதைத் தாண்டிப் பட்டாசல் என்னும் நடுக்கூடம், அதற்கு இடப்புறம் அரங்கு என்னும் உள்ளறை, பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் வானம் பார்த்த மானவெளியும் கிணறும் என்று ரயில் பெட்டி போல ஒரே நேர்க்கோட்டில் செல்லும் திருநெல்வேலிச் சீமையின் பழைய கட்டுமானம். முன்கதவையும் புறவாசல் கதவையும் திறந்து வைத்தால் தெருவில் போகிறவருக்குக் கிணற்றடி தெரியும். காற்றும் அதே வழியில் நுழைந்து அதே வழியில் போகும். செங்கோட்டைக் கணவாயிலிருந்து வரும் ஆடிக் காற்றுக்கு இந்த அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரே வாரத்தில் புரிந்துகொண்டேன்: வைகாசி வெயிலிலும் பட்டாசலில் மின்விசிறி இல்லாமல் மதியம் தூங்கலாம்.

தரை சிவப்புச் சிமெண்டு. ஐம்பது ஆண்டு தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல் ஆகியிருக்கிறது. இன்றைய டைல்ஸ் தரையில் வழுக்கும் அம்மா இதில் வழுக்குவதில்லை. கூரை பனங்கைகளின் மேல் சீமை ஓடு. பட்டாசலின் நடுவில் மட்டும் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு அதன் வழியே விழும் வெளிச்சம் மேற்குச் சுவரில் மாடக்குழிக்குப் பக்கத்தில் கைக்குட்டை அளவில் தொடங்கும்; மெல்ல இறங்கித் தரைக்கு வரும்; உச்சிப்பொழுதில் என் கணினி மேசையின் காலைத் தொடும். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்பதற்கு எனக்கு இப்போது அதுதான் அடையாளம். சென்னை வீட்டில் பகல் பதினொரு மணிக்கும் விளக்கு எரித்து வேலை செய்தவளுக்கு இந்த ஒரு ஓட்டுக்காகவே மாத வாடகையில் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

கிணறு இருபத்தைந்து அடி ஆழம். கப்பியும் உண்டு, மோட்டாரும் உண்டு. மலையடிவாரம் என்பதால் நீர் உப்பு இல்லை. பருப்பு நன்றாக வேகிறது, இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஊராட்சிக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறரைக்கு அரைமணி நேரம் தண்ணீர் வரும். குடிக்க அதைப் பிடித்துக்கொள்கிறோம். இந்தக் குழாயடியில் நின்றுதான் நான் இந்தத் தெருவின் பெண்களை அறிந்தேன், அவர்களும் என்னை அறிந்தார்கள். என் சம்பளம் எவ்வளவு என்பது இரண்டாவது வாரத்திலேயே தெரு முழுவதும் தெரிந்திருந்தது, சற்றுக் கூட்டியே.

குறைகளில் பெரியது கழிப்பறை. புறவாசலுக்கு வெளியே, கிணற்றுக்கு எதிர்மூலையில், குந்தி உட்காரும் வகை. இரவில் மழையில் குடை பிடித்துக்கொண்டு அம்மா அங்கே போவது நடக்காத காரியம். வெஸ்டர்ன் டாய்லெட் மாற்றித் தரும்படி ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டபோது ஆச்சி தயங்கினார். செலவில் பாதியை நாங்கள் ஏற்பதாகவும் காலி செய்யும்போது பிடுங்கிக்கொண்டு போவதில்லை என்றும் சொன்னபின் ஒப்புக்கொண்டார். மொத்தம் 11,000 ரூபாய் ஆயிற்று. அடுக்களையிலிருந்து கழிப்பறை வரை தகரக் கூரை போட்டதும் எங்கள் செலவே. எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஆச்சியும் முழங்கால் வலிக்கிறது என்று எங்கள் வீட்டுக் கழிப்பறைக்கு வரத் தொடங்கினார். ஆவணியில் தம் வீட்டிலும் அதே கொத்தனாரை வைத்து ஒன்று மாற்றிக்கொண்டார்.

இரண்டாவது குறை, சாரல். சாரலைப் பற்றிக் கவிதையாகப் பேசுகிறவர்கள் யாரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓட்டு வீட்டில் துணி காயப்போட்டவர்களாக இருக்க முடியாது. காற்றோடு பக்கவாட்டில் வரும் இந்தத் தூறல் ஓட்டின் மேல் விழுவதில்லை. ஓடுகளின் இடுக்கில் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாக உள்ளே இறங்குகிறது. காலையில் விரித்த பத்திரிகை மாலையில் நமுத்த அப்பளமாகிவிடும். பீரோவுக்குள் இருந்த தோல் பையில் பூஞ்சை பூத்தது. பட்டாசலில் இரண்டு இடத்திலும் அரங்கில் ஓரிடத்திலும் போன ஆண்டு சொட்டு விழுந்தது. மூன்று பாத்திரம் வைத்தோம், இந்த ஆண்டு ஐந்து வைக்கிறோம். என் மடிக்கணினியைக் காப்பாற்ற மேசையை அரை மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறேன். காற்று வேகமாக அடிக்கும் இரவுகளில் ஓடுகள் ஒன்றோடொன்று உரசிக் கடகடக்கும் ஓசைக்கு அம்மா பழகிவிட்டாள், நான் இன்னும் பழகவில்லை. பூரான் மாதத்துக்கு ஒன்று தவறாமல் வருகிறது. மலையை ஒட்டிய தோப்புகளில் கரடி நடமாட்டம் உண்டு என்பதால் விடியுமுன் அந்தப் பக்கம் நடக்கப் போக வேண்டாம் என்று எல்லாரும் எச்சரிக்கிறார்கள். குரங்குகளோ யார் எச்சரிப்பதற்கும் காத்திராமல் வீட்டுக்குள்ளேயே வந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போகின்றன.

இணையம் பற்றி எல்லாரும் கேட்பதால் சொல்கிறேன்: உள்ளூர் கேபிள்காரர் ஃபைபர் இழுத்துக் கொடுத்தார், மாதம் 600 ரூபாய்க்குள் முடிகிறது, வேகத்தில் குறையில்லை. காற்றுக் காலத்தில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து மின்சாரம் போனால் இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டோம். கடையத்துக்கு நகரப் பேருந்தில் எங்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் மதியம் ஒன்றரை மணிக்குப் போனால் நாலே கால் வரை திரும்பி வர வண்டியில்லை. காய்கறிக்கு வாரம் ஒருமுறை பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகிறோம். காய்ச்சல் தலைவலிக்குக் கடையத்து ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேல் என்றால் தென்காசிதான்.

உரிமையாளர் பக்கத்துச் சேவையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆச்சி வாடகையை வங்கிக் கணக்கில் வாங்குவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது அரைமணி நேரம் உட்கார வேண்டும். ஒரு நோட்டில் அவர் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். முதலில் முகம் சுளித்தார், இப்போது நான் மறந்தால் அவரே நோட்டைக் கேட்கிறார். நினைத்த நேரத்தில் அடுக்களை வரை வருகிறார். என் அறைக் கதவு மூடியிருந்தால் ‘பிள்ளைக்கு மேலுக்குச் சுகமில்லையா?’ என்று அம்மாவிடம் விசாரிக்கிறார். அலுவலகக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் முறத்தோடு வந்து நின்று, திரையில் தெரிந்த என் மேலாளரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டிருக்கிறார். தனிமையை விலை கொடுத்தாவது வாங்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வளவு ஆகாது. அதே ஆச்சிதான், நான் சென்னை போகும் இரவுகளில் எங்கள் தார்சாவில் வந்து படுத்துக்கொள்கிறார். அம்மாவுக்கு வாந்திபேதி வந்த நள்ளிரவில் எதிர்வீட்டுப் பையனை எழுப்பி ஆட்டோ கொண்டுவரச் செய்ததும் அவரே, நான் அப்போது பொதிகையில் போய்க்கொண்டிருந்தேன்.

மதிப்பெண்ணாகச் சொன்னால் வீட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை. கூரை சரியானால் நாலு. வாடகைக்குக் கொடுக்கும் பணத்தோடு கழிப்பறை, தகரக் கூரை, இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு நாங்கள் போட்ட ஏறத்தாழ 35,000 ரூபாயையும் பதினான்கு மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் மாதம் 7,000 ரூபாய் ஆகிறது. கிராமத்தில் நாலாயிரத்துக்கு வீடு என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது. மூன்றாண்டாவது இருப்பதாக எண்ணம் இல்லாதவர்கள் இப்படிப்பட்ட வீட்டுக்குச் செலவு செய்வதில் பொருளில்லை.

சித்திரையில் ஒப்பந்தம் முடிந்தபோது, வாடகையை 4,800 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்றார் ஆச்சி. கூரை ஓடுகளை மாற்றித் தாருங்கள், அடுத்த மாதமே உயர்த்திக் கொடுக்கிறோம் என்றேன். அவர் யோசித்து, ஓடு மாறும் வரை பழைய வாடகையே போதும் என்று சொல்லிவிட்டார். ஆனி முதல் வாரத்தில் ஒரு டிராக்டரில் இருநூறு சீமை ஓடுகள் வந்து இறங்கின. அவை புறவாசலில், கிணற்றுக்குப் பக்கத்தில், நனைந்துகொண்டு அடுக்கிக் கிடக்கின்றன. ஓடு மாற்றும் ஆசாரி சாரல் விட்டால்தான் மேலே ஏறுவேன் என்கிறார்.